பூஞ்சையின் பெயரைக் கண்டறிதல்: டிஎன்ஏ பரிசோதனை பற்றி நோயாளிகளும் உறவினர்களும் அறிய வேண்டியவை

கொரோனா காலம் நம் வீடுகளுக்குள் இரண்டு சொற்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒன்று ‘ஆர்டிபிசிஆர்’, மற்றொன்று ‘கரும்பூஞ்சை’. முதலாவது, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் பரிசோதனையின் பெயராக நிலைத்துவிட்டது. இரண்டாவது, 2021 மே மாதத்தில் ஓர் அச்சமாக ஊரெங்கும் பரவியது. அந்த மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திற்குள் நாடு முழுவதும் 45,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 4,300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாகவும் மத்திய அரசு அறிவித்தது.

இவ்விரு சொற்களுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. கொரோனா வைரஸைக் கண்டறியப் பயன்பட்ட அதே முறை, உடலின் ஆழத்திற்குள் புகுந்துவிட்ட பூஞ்சையைக் கண்டறியவும் இன்று பயன்படுகிறது. இப்பரிசோதனைக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும்போது உறவினர்கள் சில கேள்விகளை மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். ‘சதை எடுத்து ஒருமுறை பார்த்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?’ ‘ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மருந்து ஏற்றுகிறீர்களே?’ ‘இல்லை என்று வந்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை?’ இவை நியாயமான கேள்விகள். வார்டு வாசலில் நின்றபடி இரண்டு நிமிடங்களில் விடை சொல்லக் கூடியவை அல்ல என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

உள்ளே புகும் பூஞ்சை

பூஞ்சை நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. பழைய ரொட்டியிலும், ஈரச் சுவரிலும், வைக்கோலிலும், தோட்டத்து மண்ணிலும் வளர்கிறது. அதன் நுண்ணிய வித்துகளை ஒவ்வொரு மூச்சிலும் நாம் உள்ளிழுக்கிறோம். நலமாக உள்ள உடல் அவற்றை அழித்துவிடும். படர்தாமரை, தேமல் போன்றவை தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுபவை. தொல்லை தரும், உயிருக்கு ஆபத்தில்லை. நாம் இங்கே பேசுவது நுரையீரல், சைனஸ், கண்குழி, மூளை, இரத்தம் ஆகியவற்றுக்குள் ஊடுருவும் தொற்றைப் பற்றி. உடலின் காவல் தளர்ந்தவர்களையே இது பெரும்பாலும் தாக்கும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருப்போர் ஆகியோர் அவர்கள். நம் பகுதியில் அனைவரையும் விட அதிக எண்ணிக்கையில் நாம் கவலைப்பட வேண்டியவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நீரிழிவு நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. சர்க்கரை மிக உயர்ந்து இரத்தத்தில் அமிலம் சேரும்போது, இரத்தப் புரதங்களோடு பிணைந்திருக்கும் இரும்புச்சத்து விடுபடுகிறது. கரும்பூஞ்சைக்கு அந்த இரும்பு உரம் இட்டதற்குச் சமம்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கரும்பூஞ்சை உண்மையில் கறுப்பு நிறப் பூஞ்சை அன்று. அது இரத்தக் குழாய்களுக்குள் வளர்ந்து அவற்றை அடைத்துவிடுவதால், இரத்தம் கிடைக்காத சதை இறந்து கறுக்கிறது. 2021-இல் ‘வெள்ளைப் பூஞ்சை’, ‘மஞ்சள் பூஞ்சை’ என்றெல்லாம் செய்திகள் வந்தன. நிறத்தை வைத்து மருந்து தர முடியாது. மருத்துவருக்கு வேண்டியது பூஞ்சையின் சரியான பெயர்.

ஏனெனில் பெயர் மாறினால் மருந்து மாறும். நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு வோரிகோனசோல் சிறந்த மருந்து. அதே மருந்து கரும்பூஞ்சையாகிய மியூகார் இனத்தின்மீது வேலை செய்யாது; அதற்கு ஆம்போடெரிசின் வேண்டும், இறந்த சதையை அறுவை செய்து அகற்றவும் வேண்டும். இரண்டுமே சைனஸைத் தாக்கக் கூடியவை. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றக் கூடும். தவறான பெயரோடு ஒரு வாரம் கழிந்தால், அந்த ஒரு வாரத்தில் தொற்று கண்ணிலிருந்து மூளைக்குச் சென்றுவிடலாம்.

நுண்ணோக்கியும் வளர்ப்பும்

சதைத் துண்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது மிகப் பழைய முறை. என் கருத்தில் இன்றும் அதுவே முதல் முறை. மாதிரி ஆய்வகத்தை அடைந்த சில மணி நேரத்திற்குள் விடை கிடைத்துவிடும். செலவு மிகக் குறைவு. அகன்று, நாடாபோல, குறுக்குச் சுவர்கள் அரிதாக உள்ள இழைகள் ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைத்திருந்தால் மியூகார் என்று ஐயுறுவோம். மெல்லிய இழைகள், சீரான குறுக்குச் சுவர்களோடு, குறுங்கோணத்தில் கிளைத்திருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவை. அனுபவமுள்ள கண்களுக்கு இது பெரும்பாலும் போதுமானது. ஆயினும் இழைகள் சிதைந்திருந்தால் தேர்ந்தவர்களும் தடுமாறுவர். இன்ன வகை என்று திட்டமாகச் சொல்லவும் இதனால் இயலாது.

அடுத்தது ‘கல்ச்சர்’ எனப்படும் வளர்ப்புச் சோதனை. பூஞ்சையை உணவூட்டி வளர்த்து இனம் காண்பது. வளர்ந்தால் பெயரும் தெரியும், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியும். ஆனால் நாட்கள் ஆகும், சில வேளைகளில் வாரங்கள் ஆகும். மேலும் மியூகார் இழைகள் மென்மையானவை. மற்ற மாதிரிகளைப்போல் சதையை அரைத்துவிட்டால் அவை இறந்துபோகும். நறுக்கி மட்டுமே இட வேண்டும். இதனால் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்த மியூகார்கூடப் பல நோயாளிகளில் கல்ச்சரில் வளர்வதில்லை. கேண்டிடா என்ற பூஞ்சை ஆழமாக ஊடுருவிய நோயாளிகளிலும் இரத்தக் கல்ச்சர் ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் அதைக் காட்டிக் கொடுக்கிறது.

இரத்தத்தில் பூஞ்சையின் சுவர்ப் பொருட்களைத் தேடும் பரிசோதனைகளும் உண்டு. மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸுக்கு அத்தகைய பரிசோதனை மிக எளிது, மிக நம்பகமானது. அங்கே டிஎன்ஏ-வைத் தேடிப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆஸ்பர்ஜில்லஸுக்கும் ஒன்று உள்ளது. மியூகாருக்கு மட்டும் அப்படி எதுவும் கைவசம் இல்லை. வழக்கமாகத் தேடப்படும் அந்தப் பொருட்களை மியூகார் இரத்தத்தில் போதிய அளவில் விடுவதில்லை. ஆகவேதான் டிஎன்ஏ பரிசோதனை மியூகார் நோயில் தனி முக்கியத்துவம் பெறுகிறது.

டிஎன்ஏ எப்படிப் பெயரைச் சொல்கிறது?

ஒவ்வோர் உயிரின் செல்லுக்குள்ளும் அதன் டிஎன்ஏ இருக்கிறது. அது நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. அந்த ஏட்டின் சில பகுதிகள் எல்லாப் பூஞ்சைகளுக்கும் பொதுவானவை. அவற்றுக்கு இடையே உள்ள ஒரு சிறு பகுதி இனத்துக்கு இனம் மாறுபடும். அந்தப் பகுதியையே பூஞ்சைகளின் அடையாளக் குறியாகக் கொள்ளலாம் என்று 2012-இல் பன்னாட்டு ஆய்வாளர்கள் முறையாக முன்மொழிந்தனர். கடைகளில் பொருட்களின்மீது அச்சிடப்பட்டிருக்கும் பட்டைக்குறியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், நோயாளியின் இரத்தத்திலோ சதையிலோ உள்ள டிஎன்ஏ பெரும்பாலும் நோயாளியினுடையதே. பூஞ்சையினுடையது வைக்கோற்போரில் விழுந்த ஊசி. பிசிஆர் முறை அந்த ஊசியைத் தேடுவதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுகிறது. மாதிரியைச் சூடாக்கினால் டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளும் பிரியும். குளிர்வித்தால், தேடப்படும் பகுதிக்கென்று முன்பே செய்து வைக்கப்பட்ட சிறு துண்டுகள் அதனோடு ஒட்டும். ஒரு நொதி அங்கிருந்து மறுபடி எழுதத் தொடங்கும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் இரண்டு நான்காகும். 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும். இயந்திரத்துக்கு இதற்கு ஓரிரு மணி நேரம் போதும். கேரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் கண்ட இம்முறைக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா வைரஸிடம் இருப்பது ஆர்என்ஏ. அதை முதலில் டிஎன்ஏ-வாக மாற்ற வேண்டியிருந்ததால் பெயரின் முன்னே ‘ஆர்டி’ சேர்ந்தது. பூஞ்சைக்கு அந்தப் படி தேவையில்லை.

ஆயினும் பூஞ்சையில் வேறோர் இடர் உண்டு. அதன் செல் சுவர் மிக உறுதியானது. நண்டின் ஓட்டில் உள்ள அதே கைட்டின் அதிலும் உண்டு. சுவரை உடைத்தால்தான் டிஎன்ஏ வெளிவரும். மறுபுறம், காற்றிலும் குழாய்களிலும் மிதந்து வரும் வேறு பூஞ்சையின் வித்து ஒன்று மாதிரியில் விழுந்தால் அதையும் இயந்திரம் நேர்மையாகப் பெருக்கிக் காட்டிவிடும். பொய்யான ‘இல்லை’யும் பொய்யான ‘ஆம்’மும் பிறக்கும் இடங்களில் இவ்விரண்டும் முக்கியமானவை.

தமிழ்நாட்டில் இம்முறை புதிதாக வந்ததன்று. கண்ணின் உட்பகுதியில் பூஞ்சை புகுந்த நோயாளிகளிடம் பிசிஆர் முறையைச் சோதித்த சென்னை சங்கர நேத்ராலயாவின் நுண்ணுயிரியலாளர்கள் தம் முடிவுகளை 2001-ஆம் ஆண்டிலேயே கண் மருத்துவத்தின் பன்னாட்டு இதழ் ஒன்றில் வெளியிட்டனர். கண்ணுக்குள்ளிருந்து ஒருசில துளிகளுக்கு மேல் எடுக்க முடியாது; கல்ச்சர் வளரும்வரை பார்வையும் காத்திருக்காது. அத்தகைய இடத்தில் பிசிஆர் ஒரு நாளுக்குள் விடை தந்தது. கொரோனாவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த வேலை இது.

‘ஆம்’ என்றால் எவ்வளவு ஆம்?

மியூகாரின் டிஎன்ஏ-வை இரத்தத்தில் தேடும் முறையைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவமனைகள் பல இணைந்து சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டன. நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேரிடம் பரிசோதனை ‘ஆம்’ என்றது. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேரிடம் ‘இல்லை’ என்றது. திசுவிலோ சளியிலோ பூஞ்சையை உறுதிசெய்த மாதிரி எடுக்கப்பட்டதற்குச் சராசரியாக நான்கு நாட்களுக்கு முன்பே இரத்தத்தில் தடயம் தெரிந்தது. சிகிச்சை தொடங்கி ஒரு வாரத்தில் தடயம் மறைந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இந்நோயில் நான்கு நாட்கள் என்பது சிறிய லாபம் அன்று.

ஆனால் அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர நான் தயங்குவேன். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் இரத்தப் புற்றுநோய் போன்ற நோய் உள்ளவர்கள். அவர்களுக்குப் பூஞ்சை நுரையீரலிலும் இரத்தத்திலும் பரவியிருக்கும். நாம் இங்கே பெரும்பாலும் காண்பது நீரிழிவு நோயாளியின் சைனஸில் ஓரிடத்தில் பற்றிய தொற்று. அங்கே இரத்தத்தை நம்பி இருக்காமல், பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து சதையை எடுத்துப் பார்ப்பதே முதன்மை.

தலைவலி என்று வருகிற அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஆயிரம் பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் 20 பேருக்கு உண்மையில் நோய் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். மேற்கண்ட அளவில் 17 பேரைச் சரியாகக் கண்டுபிடிப்போம், மூவரைத் தவறவிடுவோம். மீதி 980 பேரில் 98 பேருக்கு இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அந்த 98 பேருக்கும் ஆம்போடெரிசின் ஏற்றினால் என்ன ஆகும்? அது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது, பொட்டாசியத்தைக் குறைக்கக் கூடியது, குடும்பத்தின் பணத்தைக் கரைக்கக் கூடியது. ஆகவே நோய்க்கான அறிகுறியும் காரணமும் உள்ளவர்களுக்கு மட்டுமே இப்பரிசோதனையை எழுதுகிறோம்.

ஆஸ்பர்ஜில்லஸில் இதற்கு ஒரு வழி உண்டு. இரத்தத்தில் ஒருமுறை மட்டும் பிசிஆர் ‘ஆம்’ என்றால் அதை முழுமையாக நம்புவதில்லை. நோய் இல்லாதவர்களிடம் இரண்டு தனித்தனி மாதிரிகளிலும் பொய்யாக ‘ஆம்’ என்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒரே பரிசோதனைக்கு இரண்டாம் முறையும் இரத்தம் எடுத்தால், முதல் மாதிரி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

பெயர் தவறினால்

டிஎன்ஏ-வின் உதவி இல்லாவிட்டால் எப்படி ஏமாறுவோம் என்பதற்குக் கேண்டிடா ஆரிஸ் நல்ல சான்று. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு முதன்முதலாக விவரிக்கப்பட்ட பூஞ்சை அது. ‘ஆரிஸ்’ என்றால் லத்தீனில் காது. 2013-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த அனுராதா சௌத்ரியும் உடன் ஆய்வாளர்களும், டெல்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் அதனைக் கண்டதாக அறிவித்தனர். வழக்கமான தானியங்கி இயந்திரம் அதை வேறொரு கேண்டிடாவின் பெயரால் அடையாளம் காட்டியிருந்தது. டிஎன்ஏ-வின் எழுத்துகளை வரிசையாகப் படித்தபோதுதான் உண்மைப் பெயர் தெரிந்தது. பொதுவாகத் தரப்படும் ஃபுளூகோனசோல் அதனிடம் பலிப்பதில்லை. தவிர, அது படுக்கையிலும் கருவிகளிலும் தங்கி ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் முதல் வரிசையில் உள்ள நான்கில் இதுவும் ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்பெயர் தெரியவந்தால் நோயாளியைத் தனி அறைக்கு மாற்றுவதும், கை கழுவாமல் உள்ளே வர வேண்டாம் என்று உறவினர்களிடம் கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான்.

நம் மண்ணோடு தொடர்புள்ள இன்னொரு பூஞ்சையையும் சொல்ல வேண்டும். இந்திய ஆய்வாளர்கள் ஒரு மாந்தோப்பின் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து 1979-இல் பெயரிட்ட அப்போஃபைசோமைசிஸ், மியூகார் குடும்பத்தைச் சேர்ந்தது. நலமாக உள்ளவர்களையும் இது காயத்தின் வழியே தாக்கும். வழக்கமான வளர்ப்பு ஊடகங்களில் வித்து விடாது. வித்து இல்லாமல் நுண்ணோக்கியில் இனம் காண்பது கடினம். 2011-இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி தாக்கியபோது, காயங்களில் மண்ணும் மரத்துண்டும் புகுந்த 13 பேருக்கு இத்தொற்று ஏற்பட்டது, ஐவர் இறந்தனர். டிஎன்ஏ பரிசோதனையே அங்கு இனத்தை உறுதிசெய்தது. நம் ஊரில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் நடந்துவந்து பாதப் புண்ணோடு வரும் நீரிழிவு நோயாளிகள் பலர். அவர்களின் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பாக்டீரியாவே. ஆனால் மண் புகுந்த காயம், அது கிரிவலத்திலோ வயலிலோ சாலை விபத்திலோ ஏற்பட்டதாயினும், ஓரிரு நாட்களில் கறுத்து விரைவாகப் படர்ந்தால் பூஞ்சையையும் சேர்த்தே தேட வேண்டும்.

‘இல்லை’ என்ற பிறகும் மருந்து ஏன்?

டிஎன்ஏ பரிசோதனையின் ‘இல்லை’, எடுத்த மாதிரியில் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. எடுத்த துண்டில் பூஞ்சை இல்லாமல் பக்கத்துத் துண்டில் இருந்திருக்கலாம். இறந்த சதையில் டிஎன்ஏ சிதைந்திருக்கலாம். முன்பே ஏற்றிய மருந்து அளவைக் குறைத்திருக்கலாம். முகத்தின் ஒரு பக்கம் வீங்கி, கன்னம் மரத்து, கண் இமை தொங்கி, பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிந்து, அண்ணத்தில் கறுப்புப் படிந்திருக்கும் நீரிழிவு நோயாளிக்கு ஒரு தாளில் ‘இல்லை’ என்று வந்ததற்காகச் சிகிச்சையை நிறுத்தமாட்டோம். அதுபோலவே, அந்தத் தாளுக்காக அறுவையைத் தள்ளிப்போடவும் கூடாது. ‘ரிப்போர்ட் வரட்டும், பிறகு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுகிறோம்’ என்று சொல்லும் குடும்பங்களின் மனம் எனக்குப் புரிகிறது. முகத்தில் கத்தி வைப்பதற்கு யார்தான் எளிதில் இசைவர்? ஆயினும் நுண்ணோக்கியில் இழைகள் தெரிந்துவிட்டால் காத்திருக்க எதுவும் இல்லை. பிசிஆர் முடிவு பிறகு வந்து, எந்த மருந்தை எவ்வளவு காலம் தொடர்வது என்பதைச் செம்மைப்படுத்தும்.

மாதிரியைக் கொண்டுசெல்லும்போது

இப்பரிசோதனைகள் எல்லா ஊர்களிலும் நடப்பதில்லை. திருவண்ணாமலையிலிருந்து மாதிரிகள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்கோ, 100 கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள புதுச்சேரிக்கோ, சென்னைக்கோ செல்ல நேரும். சில வேளைகளில் உறவினரின் கையில்தான் கொடுத்தனுப்பப்படுகின்றன. ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரே சதை இரண்டு டப்பாக்களில் தரப்படும். ஒன்றில் ஃபார்மலின் இருக்கும். அது நோய்க்குறியியல் பிரிவுக்கு உரியது. மற்றொன்றில் சலைன் இருக்கும். அது கல்ச்சருக்கும் பிசிஆருக்கும் உரியது. ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும், டிஎன்ஏ-வையும் துண்டாடும். ‘சதை கெட்டுவிடுமோ’ என்று எண்ணி இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட வேண்டாம். டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டாம். ஐஸ் வைக்க வேண்டுமா என்பதைப் புறப்படும்முன் எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மியூகாருக்கு அதிகக் குளிர் ஆகாது, நீங்களாக ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். அன்றைய தினமே சேர்ப்பித்துவிடுங்கள். உடன் தரும் படிவத்தில் நோயாளிக்கு நீரிழிவு உண்டா, ஸ்டீராய்டு எடுத்தாரா, பூஞ்சைக்கான மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது என்ற விவரங்கள் இருக்கும். அந்தத் தாள் தொலைந்தால் மறுமுனையில் உள்ளவர் எதைத் தேடுவது என்று அறியாமல் தேட நேரும்.

வேறு மருத்துவமனையில் முன்பே பயாப்சி எடுத்துவிட்டு இங்கு வருபவர்கள், அந்த அறிக்கையோடு சேர்த்து மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வாருங்கள். ஃபார்மலினில் இட்ட சதையை அந்த மெழுகில் பதித்து அங்கே பாதுகாத்து வைத்திருப்பார்கள். சலைனில் எடுத்த புதிய சதை அளவுக்கு அது பயன்தராது. ஆனாலும் நுண்ணோக்கியில் இழைகள் தெரிந்து பெயர் மட்டும் தெரியாமல் நிற்கும் நிலையில், அந்தக் கட்டியிலிருந்து மெல்லிய சீவல்களை எடுத்து டிஎன்ஏ-வைப் பிரித்துப் பெயரைக் கண்டுவிட முடிகிறது. இரண்டாம் முறை கத்தி வைக்க வேண்டிய தேவையும் சில நோயாளிகளுக்கு அதனால் நீங்குகிறது.